மலைக்கு எந்த டாக்டர் வருவார் என்கிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். தண்ணீர் லாரிக் கணக்கில் தொடங்கிய பேச்சு எப்படியோ மலைக்கிராமங்களுக்குப் போய்விட்டது. "காட்டுக்குள்ள போய் எந்த டாக்டர் சார் உட்காருவான்? ரோடு போட்டு ஆம்புலன்ஸ் விட்டா போதும், இங்க கொண்டுவந்துடலாம்" என்றார் ஒருவர். சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எந்த டாக்டர் உட்காருவார்? சித்திலிங்கியில் உட்கார்ந்தார்கள். தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு அது. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பின்னாளில் அது 20 அளவுக்கு இறங்கியது. இறக்கியது ஆம்புலன்ஸ் அல்ல. அந்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கும் பிரசவம் பார்க்கவும், ஆபரேஷனுக்குக் கூட நிற்கவும், வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடைபோடவும் அந்த இருவரும் கற்றுக்கொடுத்தார்கள்.

சித்திலிங்கி தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்பவர்களுக்குக் கர்நாடகத்திலேயே பிளிகிரிரங்கன மலை இருக்கிறது. பெங்களூர் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சுதர்சன் அங்கிருக்கும் சோலிகர் பழங்குடியினரிடம் போய், 1981-ல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். இங்கே படித்தவர்தானே அங்கே போய் உட்கார்ந்தார்?

அரசாங்கத் திட்டத்தின் கணக்கே கோணல். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. இந்த விதி தலையை எண்ணுகிறதே தவிர, நடக்க வேண்டிய நேரத்தை எண்ணவில்லை. ஐந்து குன்றுகளில் சிதறிக் கிடக்கும் 3,000 பேருக்கு, ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கும் துணை நிலையம் எந்த விதத்தில் பக்கம்? பிரசவ வலி கண்டவளை எத்தனை மணி நேரம் டோலியில் தூக்க வேண்டும் என்பதிலிருந்து கணக்கைப் போடுங்கள். சித்திலிங்கியில் வேலை குடிசை வாசலில் தொடங்கி மேலே போனது. நீங்கள் நெடுஞ்சாலையில் தொடங்கிப் பாதி மலையில் நின்றுவிடுகிறீர்கள்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, பெற்றவள் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். உடனே எல்லோரும் சாலை, சாலை என்றார்கள். சாலை வேண்டும்தான். ஆனால் அந்தச் சாலையில் உயிரோடு இறங்க, மலைமேலேயே விஷமுறிவு மருந்தும் அதைப் போடத் தெரிந்த ஒரு கையும் வேண்டாமா? நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978-லிருந்து ஒரு பழங்குடியின் கைகள் ஊருக்கெல்லாம் மருந்துக்கு வழி செய்கின்றன. இன்னொரு பழங்குடியின் குழந்தைக்கு அந்த மருந்து எட்டவில்லை. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

டாக்டர்கள் போகவில்லை என்று குறைசொல்லும் இதே ஆட்கள்தான், போனவர்களுக்கு இருந்த சலுகை பறிபோனபோது வாயைத் திறக்கவில்லை. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தமிழ்நாடு மேற்படிப்பில் பாதி இடத்தை ஒதுக்கியிருந்தது. அந்த இடத்தை நம்பி மலையேறியவர்கள் உண்டு. 2017-ல் அது நின்றது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆகஸ்ட் ஆனது.

கேட்டால் வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாமே என்கிறார்கள். வீடியோ தையல் போடுமா? தலை திரும்பாத பிள்ளையை வெளியே எடுக்குமா? ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முடியும் என்று தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கிக் காட்டியது. மாத்திரை போகும் வழியில் நர்சம்மா போக முடியாதா?

நேற்று விடிகாலையில் எங்கள் பஸ் ஸ்டாப்பில் ஓர் அம்மா, ஸ்கேன் கவரைக் கட்டைப்பையில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். அரூர்ப் பக்கம் ஒரு மலை ஊர். கூடவே மகன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தான். பெரிய ஆபரேஷனா என்று கேட்டேன்.

"ஆபரேஷன் பத்து நாளைக்கு முன்னாடியே ஆச்சு சாமி. தையல் பிரிக்க வந்தேன். எங்கூர்ல பிரிக்க ஆளில்ல."