அணங்கா, கள்வரா? ‘கொலையுதிர் காலம்’ வாசகர் கருத்துகளும் தோல் நகரங்களின் வாசிப்பும்

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பற்றி வாசகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் அதன் முடிவில் வந்து நிற்கும். ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்பது ஒரு சாராரின் தீர்ப்பு. அந்த ஏமாற்றமே நாவலின் வெற்றி என்பது மறுசாராரின் தீர்ப்பு. 1980களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் தொடராக வெளிவந்த ஒரு துப்பறியும் நாவல், நாற்பது ஆண்டுகள் கடந்தும் இவ்வாறு வழக்காடப்படுவது தமிழில் அரிது. எனினும் இக்கருத்துகளைச் சான்றாக ஏற்பதில் ஆய்வுலகம் தயக்கம் காட்டுகிறது. ‘வெகுசன ரசனை’ என்னும் ஒற்றைத் தொடரில் அவற்றை அடைத்துவிடுகிறது. இத்தயக்கத்திற்கு நியாயம் இல்லை.

நாவலின் சிக்கல் எளியது. கொலைகள் நிகழ்கின்றன, பெண்ணுருவம் ஒன்று தோன்றி மறைகிறது. கணேஷ் அறிவியல் விளக்கத்தைத் தேடுகிறான்; ஹோலோகிராம் அவ்விளக்கத்தின் மையம். வசந்த் ஆவியின் பக்கம் சாய்கிறான். விளக்கம் தரப்பட்ட பின்னரும் ஐயம் எஞ்சுகிறது. அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறும். துப்பறியும் நாவலின் பொது இயல்பு, அணங்கால் விளைந்ததெனத் தோன்றிய அச்சத்தை இறுதியில் கள்வரால் விளைந்ததென நிறுவுவதாகும். கோனன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையும் அவ்வழியே செல்கிறது. சுஜாதா அந்தக் கடைசி அடியை முழுமையாக எடுத்துவைக்க மறுத்தார். வாசகர் பூசலின் வேர் இதுவே. அதனை விளக்க மேலைக் கோட்பாட்டினை மட்டுமே துணைக்கு அழைப்பவர்கள், கைக்கு எட்டும் இக்கருவியை ஏன் மறந்தனர் என்பது தனி வினா.

ஆனால் முடிவைப் பற்றிய கருத்து முடிவைப் பற்றியது மட்டுமன்று. 1968இல் ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமான கணேஷ் தொடக்கத்தில் தனியன். வசந்த் பின்னரே வந்து சேர்ந்தான். ‘கொலையுதிர் காலம்’ வெளிவந்தபோது கணேஷுக்கும் வாசகருக்கும் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. அப்பழக்கத்தின் ஊடாக ஓர் உடன்பாடு உருவாகியிருந்தது: வசந்த் சிரிக்க வைப்பான், கணேஷ் சரியாகச் சொல்வான். இந்நாவலில் முதன்முறையாகக் கணேஷின் சொல் போதாமல் போவதாக ஒரு வாசகர் உணர்ந்தால், அவருடைய மனக்குறை கதைப்பின்னலைச் சார்ந்ததன்று. நெடுநாள் பழகிய ஒருவர்மீது எழும் மனக்குறை அது. இதனையே முதல் கணேஷ்–வசந்த் நாவலாகப் படித்தவருக்கு அக்குறை எழ வாய்ப்பில்லை. ஆகவே வாசகர் எத்தனையாவது நாவலாக இதனைப் படித்தார் என்பதைக் கேளாமல் திரட்டப்படும் கருத்து பாதிச் சான்றே ஆகும்.

படித்த வடிவமும் அவ்வாறே. வாரந்தோறும் ஓர் அத்தியாயம் படித்தவர் அந்த அச்சத்தோடு மாதக்கணக்கில் குடியிருந்தவர். அவருக்குச் சில பக்கங்களில் தரப்படும் விளக்கம் எளிதில் நிறைவளிக்காது. நூலாக ஓரிரவில் படித்தவருக்கு அச்சமும் விளக்கமும் ஒரே மூச்சில் கிடைக்கின்றன. இவ்விருவரின் கருத்துகளையும் ஒரே பட்டியலில் இட்டு எண்ணுவது பிழையான முறையியல். ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி தமிழ் வாசிப்பின் வரலாற்றை ஆய்வுப்பொருளாக நிலைநிறுத்தினார். அவ்வழியில் பிற்காலத் தொடர்கதை வாசகரை நோக்கிச் செல்ல வேண்டிய தொலைவு இன்னும் மிகுதி.

இங்கேதான் வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் நகரங்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை. தோல் பதனிடும் தொழிலின் உரிமையாளர்களில் உருது பேசும் முஸ்லிம்கள் பலர். தொழிலாளர்களில் தமிழ் பேசும் தலித் மக்கள் மிகுதி. இரு மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூர்களின் வாசிப்பையும் ஒரு மொழிக்குள் அடைக்க இயலாது. உருதுவில் இப்னே சஃபி 1952இல் தொடங்கிய ‘ஜாசூஸி துனியா’ வரிசையும், 1955இல் தொடங்கிய இம்ரான் வரிசையும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெருவாசிப்பைப் பெற்றவை. முன்னதில் வரும் ஃபரீதி நிதானமானவர், அவருடைய துணைவர் ஹமீது குறும்பர். கணேஷ்–வசந்த் இணையோடு இவ்விணையை ஒப்பிடத் தனி முயற்சி வேண்டியதில்லை. தமிழ் வெகுசனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பையும் இப்னே சஃபியின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் சென்னையின் பிளாஃப்ட் என்னும் ஒரே பதிப்பகம் வெளியிட்டது. பதிப்பாளர் கண்ட உறவு ஆய்வாளர் கண்ணில் படாமல் போவதற்குத் துறைகளுக்கிடையே உள்ள சுவர்களே காரணம்.

இப்னே சஃபியின் உலகில் பேய்வீடு பெரும்பாலும் குற்றவாளியின் ஏற்பாடாகவே முடியும். அவ்வழக்கத்தில் ஊறிய ஆம்பூர் வாசகர் ஒருவர் ‘கொலையுதிர் கால’த்தின் திறந்த முடிவை விதிமீறலாகக் கருதியிருக்கலாம், புதுமையாக வரவேற்றிருக்கவும் கூடும். தமிழ் மட்டுமே படித்த சக வாசகர் இதற்கு மாறாக உணர்ந்திருக்கலாம். ஊகத்தால் தீராத இவ்வினாவைக் களஆய்வே தீர்க்கும்.

நாற்பது ஆண்டு நினைவு நம்பத்தக்கதா என்னும் மறுப்பு எழும். நினைவு பிழைபடும் என்பது உண்மையே. ஆனால் ஆவிதான் கொலை செய்தது என்று ஒருவரும், இயந்திரம்தான் என்று மற்றொருவரும் உறுதியாக நினைவுகூர்வார்களாயின், அந்தப் பிழையே நாவலின் திறந்த முடிவை வாசகர் எவ்வாறு தமக்குள் மூடிக்கொண்டனர் என்பதைக் காட்டும். தொடரை வாரந்தோறும் எதிர்நோக்கியிருந்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. இதழ்ப் பக்கங்களைக் கிழித்துத் தைத்த கட்டுகள் பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன. இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் உருதுத்துறைகளும் ஒரே வினாநிரலோடு ஒரே தெருவில் இறங்குவதற்கான காலம் நீண்டதன்று. அந்நிரலின் முதல் வினா ‘முடிவு பிடித்ததா’ என்பதாக இருத்தல் கூடாது. ‘அதற்கு முன் யாரைப் படித்திருந்தீர்கள்’ என்பதாக அமைய வேண்டும்.