ஈரக் காலுக்கு எந்த டைல்ஸ்?

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சுவர்தான். தரையில் படுத்துக் கிடக்க வேண்டிய கற்களெல்லாம் அங்கே வரிசையாக நிமிர்ந்து நிற்கும். மேலிருந்து வெள்ளை விளக்கு அடிக்கும். பளபளப்பில் முகம் தெரியும். வீடு கட்டுகிறவர் குடும்பத்தோடு வந்து, "இது ஹாலுக்கு, அது பெட்ரூமுக்கு, இந்தப் பூப்போட்டது பாத்ரூமுக்கு" என்று விரல் நீட்டிச் சொல்வார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கல்லைக் கீழே போடச் சொல்லி அதன் மேல் ஏறி நின்று பார்ப்பவர் அபூர்வம்.

ஆனால் வீட்டில் அதன் மேல் நடக்கப் போவது வெறுங்கால். பாதி நேரம் ஈரமான வெறுங்கால்.

தமிழ்நாட்டு வீடுகளில் தரை எங்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. திண்ணைக்கு இழைத்த காவித் தரை, அடுப்படிக்குக் கடப்பாக் கல், துவைக்கிற இடத்துக்குக் கொத்திய கருங்கல் என்று இடம் பார்த்துத்தான் கல் போட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இதை இன்றும் பார்க்கலாம். விருந்தினர் உட்காரும் பகுதியில் இத்தாலிய மார்பிளும் ஆத்தங்குடிக் கல்லும் மின்னும்; மழை நேராக விழுகிற முற்றத்தில் இறங்கினால் காலுக்குப் பிடிமானமான கருங்கல் வந்துவிடும். தண்ணீர் விழும் இடத்தில் வழவழப்பு கூடாது என்பதை அந்தக் கொத்தனார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடியில் இந்தக் கல்லைக் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, ஈரச் சாந்தை அப்பி மட்டம் செய்து, காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளை என்ற பேச்சே இல்லை. மேற்பரப்பின் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மினுமினுப்பு, நடக்க நடக்கவும் துடைக்கத் துடைக்கவும் ஏறுவது. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் பூஜை அறைக்கும் இதைவிட அழகான தரை கிடைப்பது கஷ்டம். ஆனால் இது சிமென்ட். ஆசிட் பட்டால் அரிக்கும். எலுமிச்சையும் புளியும் சிந்தித் துடைக்காமல் விட்டால் தடம் நிற்கும். ஆகவே சமையலறைக்கும் குளியலறைக்கும் இது வேண்டாம்.

காவித் தரைக்குப் பிறகு மொசைக் வந்தது. மொசைக்குக்குப் பிறகு வெட்ரிஃபைடு. இன்று இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வருகிறது. கோவையானாலும் திருநெல்வேலியானாலும் கடையில் இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். விலை எட்டக்கூடியதாகிவிட்டது, அது நல்லது. ஆனால் வாசற்படி முதல் கழிவறை வரை ஒரே பளபளப்பான இரண்டடிக் கல்லைப் பரப்பிவிடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. இடம் பார்த்துக் கல் போடும் அறிவு, வழியில் எங்கோ நழுவிப் போயிற்று.

கடைக்காரர் சொல்லும் பெயர்கள் நிறைய. அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்து 1200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் வேகவைத்த வெட்ரிஃபைடு கல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்காது. சுவருக்கென்று செய்த செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் இழுக்கும். கல்லைத் திருப்பிப் போட்டு முதுகில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர்க் கல் மளமளவென்று உறிஞ்சிவிடும். வெட்ரிஃபைடில் தண்ணீர் அப்படியே நிற்கும். சுவர் டைல்ஸ் மட்டம் என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் மேல் யாரும் நடப்பதில்லை, பாரமும் இல்லை. விலை மலிவென்று அதையே எடுத்துத் தரையில் போட்டால்தான் தப்பு. நாலு வருஷத்தில் மேல்பூச்சு தேய்ந்து விரிசல் விடும்.

குளியலறைக்கு வருவோம். வீட்டிலேயே சின்ன அறை அதுதான். ஆபத்து கூடிய அறையும் அதுதான். கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த தாத்தாவையோ பாட்டியையோ பார்க்காத தெரு எது? எங்கே விழுந்தார் என்று கேட்டால், பல வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்.

வழுக்காத தன்மையை அளக்க ஜெர்மானியர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் பதித்த சாய்தளத்தில் எண்ணெயை ஊற்றி, காலணி போட்ட ஆளை அதன் மேல் நடக்கவிட்டு, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். எத்தனை டிகிரியில் கால் சறுக்குகிறது என்பதை வைத்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் கொடுப்பார்கள். ஆர் 9 என்றால் 6 முதல் 10 டிகிரி வரைதான். ஆர் 10 என்றால் 19 வரை. ஆர் 11 என்றால் 27 வரை. வெறுங்காலுக்கு வேறொரு சோதனை உண்டு. சோப்புத் தண்ணீர் ஓடும் சாய்தளத்தில் நடக்கவிட்டு ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ 12 டிகிரி, பி 18 டிகிரி, சி 24 டிகிரி தாங்க வேண்டும்.

எண்ணெயும் சோப்புத் தண்ணீரும்! நம் வீட்டு எண்ணெய்க் குளியல் நாளை நினைத்துப் பாருங்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், அதன் மேல் சீயக்காய், அதன் மேல் வெந்நீர். அத்தனையும் வழிந்து ஓடுவது அந்த நாற்பது சதுர அடித் தரையில்தான். ஜெர்மனிச் சோதனைக்கூடத்தில் செய்வதை நாம் சனிக்கிழமைதோறும் வீட்டிலேயே செய்கிறோம். ஆகவே குளியலறைத் தரைக்கு ஆர் 11 அல்லது வெறுங்காலுக்கான பி தரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியிலோ கம்பெனி விலைப்புத்தகத்திலோ அது போட்டிருக்கும். "ஆன்டி ஸ்கிட்தான் சார், நம்பி எடுங்க" என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது.

கல்லின் அளவும் முக்கியம். குளியலறைத் தரை நாலு பக்கமிருந்தும் ஜலதாரையை நோக்கி இறங்க வேண்டும். நூறு அங்குலத்துக்கு ஒரு அங்குலமாவது வாட்டம் வேண்டும். நாலடிக் கல்லை வைத்து நாலு பக்க வாட்டம் எடுக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது. மூலையில் தண்ணீர் தேங்கும், அங்கே பாசி பிடிக்கும். ஒரு அடிக் கல்லோ அதைவிடச் சின்னதோ என்றால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். கல்லுக்குக் கல் வரும் இணைப்பும் காலுக்குப் பிடி கொடுக்கும். ரொம்பச் சொரசொரப்பாகவும் போகக் கூடாது. அழுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டால், தேய்த்தாலும் போகாது.

பிறகு உப்புத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் குளிக்கும் ஊர்களில் கறுப்புச் சுவர் டைல்ஸ் ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் முதலில் தின்பது இணைப்பில் இருக்கும் சிமென்ட்டை. அடிக்கடி ஊற்றினால் கல்லின் பளபளப்பும் போகும். பளபளப்பு போன இடத்தில் கறை இன்னும் வேகமாக ஏறும். சாம்பல், சந்தனம், பாதாம் போன்ற நிறங்களில் உப்புத் தடம் அவ்வளவாகத் தெரியாது. இணைப்புக்கு எபாக்ஸி கிரவுட் போட்டால் செலவு கூடும். ஆனால் அது தண்ணீரையோ கறையையோ உள்ளே விடாது.

சமையலறையில் எதிரி மஞ்சள். பாலிஷ் போட்ட சில வெட்ரிஃபைடு கற்களில், பாலிஷ் செய்யும்போதே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. சாம்பார் சிந்தி ஒரு இரவு கிடந்தால் மஞ்சள் அதில் இறங்கிவிடும். இதைச் சோதிப்பது சுலபம். கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வந்து, மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பாத்திரம் துலக்கும் சோப்பு போட்டுத் துடையுங்கள். போனால் வாங்கலாம். அடுப்புக்குப் பின்சுவருக்குப் பளபளப்பான பெரிய கல் நல்லது. இணைப்பு குறைவு, தாளிக்கிற எண்ணெய் துணி பட்டாலே வந்துவிடும். தரைக்கு மேட் பினிஷ்தான்.

ஹாலில் பளபளப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே தண்ணீர் குறைவு. ஆனால் வெளியிலிருந்து செருப்போடு வரும் மணலைக் கணக்கில் எடுங்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு மோஸ் அளவுகோலில் கடினம் 7. பல டைல்ஸ்களின் மேல்பூச்சு அதைவிட மென்மையானது. கடலோர ஊர்களில் வாசலிலிருந்து சோபா வரை ஒரு நடைபாதை மட்டும் மங்கித் தெரிவது இதனால்தான். டபுள் சார்ஜ் கல்லில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். தேய்ந்தாலும் அடியில் அதே நிறம் இருக்கும். மார்பிள் போலவும் மரம் போலவும் அச்சடித்து வருபவற்றில் படம் மேல்பூச்சில் மட்டுமே இருக்கும். ஆட்கள் நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு முதலாவது. படுக்கையறைக்கு இரண்டாவது போதும்.

மாடிப்படிக்கு விளிம்பில் வரி போட்ட கல். போர்ட்டிகோவுக்குக் கனமான, சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ். கார் நிற்கும் இடத்தில் ஹால் கல்லில் மிச்சமானதைப் போடுவது வேண்டாத சிக்கனம். மொட்டை மாடிக்கு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய முறை இன்னும் தோற்கவில்லை. புதிதாகப் போடுவதானால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை நிறம் போடுங்கள். அடர் நிறக் கல்லைப் போட்டால் சித்திரை வெயிலில் வடாம் காய வைக்கக்கூட ஏற முடியாது; கீழே இருக்கும் அறையும் சூடேறும்.

பெட்டிக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்லப்படும் கல் உண்மையில் 60 சென்டிமீட்டர். இரண்டடி என்பது ஏறத்தாழ 61. நாலு கல் இருக்கும் பெட்டியை 16 சதுர அடி என்று கணக்குப் போடுவார்கள், அளந்தால் 15.5 தான் வரும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 63 பெட்டி என்று வாங்கினால் 23 சதுர அடிக்கு மேல் குறையும். வெட்டுச் சேதாரத்துக்கு வேறு 5 முதல் 10 சதவீதம் வேண்டும். பிறகு ஓடிப்போய் வாங்கினால் அதே ஷேடு கிடைக்காது. பெட்டியின் மேல் அச்சிட்ட ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று, இறக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பதிக்கும்போது இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெட்ரிஃபைடு கல் தண்ணீர் குடிக்காது என்பதால் சிமென்ட் பாலும் அதைச் சரியாகப் பிடிக்காது, ஐ.எஸ். 15477 முத்திரையுள்ள பசை வேண்டும். கல்லுக்குக் கல் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். "ஜாயின்ட்டே தெரியாம ஒட்டிடறேன்" என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இடைவெளி இல்லாமல் நெருக்கிய கற்கள்தான் கோடையில் விரிய இடமில்லாமல் கூடாரம்போல் எழும்பி உடைகின்றன. வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தில் அடியில் பசை இல்லை. மேஸ்திரி இருக்கும்போதே பெயர்த்துப் போடச் சொல்லுங்கள்.

செலவு என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்துக்கு எட்டுக் குளியலறையின் தரை 40 சதுர அடி. வழுக்காத கல்லுக்குச் சதுர அடிக்கு 30 ரூபாய் கூடவே ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த அறைக்கு மொத்தத்தில் கூடும் செலவு 1,200 ரூபாய்.