ஸனதும் வேண்டும், சான்றிதழும் வேண்டும்

ஷவ்வால் மாதத்தில் மதரஸாக்களின் கல்வியாண்டு தொடங்குகிறது. தேவதானப்பட்டியிலிருந்தும் பெரியகுளம், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் ஓதப் புறப்படுகிறார்கள். ஆண்டுகள் பல ஓதி ஆலிம் ஸனது பெற்று அவர்கள் திரும்பும்போது மஹல்லாவே மகிழ்கிறது. அந்த இளம் ஆலிம், "பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறேன்" என்று சொன்னால் ஜமாஅத் என்ன பதில் வைத்திருக்கிறது? "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இந்தப் பதிலையே நாம் எதிர்க்கிறோம்.

பல்கலைக்கழகங்கள் கதவடைத்துவிட்டன என்பது உண்மையன்று. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவும் தாம் அங்கீகரித்த மதரஸாக்களின் ஸனதை இளங்கலைச் சேர்க்கைக்கு ஏற்கின்றன. மதரஸா மாணவர்களுக்கென்றே அலிகர் 2013-இல் ஓராண்டு இணைப்புப் படிப்பைத் தொடங்கியது. முபாரக்பூர் அஷ்ரஃபிய்யாவில் ஓதிய ஷாஹித் ரஸா கான், 2018-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 751-ஆம் இடம் பெற்றார்.

ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத சிறிய மதரஸாவில் ஓதியவனின் நிலை என்ன? அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அதைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி தருகிறது. 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேவையானவை ஐந்து பாடங்களே. பத்தாம் வகுப்பில் தமிழையும் அரபியையும்கூட அவற்றில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்புண்டு.

கணக்கு இங்கேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் இரண்டாண்டு இடைவெளி வேண்டும். ஓதும் காலத்திலேயே பதிந்தவனுக்கு ஸனது கிடைக்கும் நாளில் சான்றிதழும் கையில் இருக்கும். ஸனது பெற்ற பிறகு பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்குபவனோ மேலும் இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்கிறான். அதற்குள் குடும்பச் சுமை வந்துவிடும், ஆசையும் அடங்கிவிடும்.

"இரண்டையும் படித்தால் ஓதல் கெடும்" என்கிறார்கள். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் சுமக்கும் பிள்ளைக்கு, நஹ்வும் ஸர்ஃபும் மன்திக்கும் கற்கும் பிள்ளைக்கு, ஐந்து பாடங்களா பாரம்? "ஆங்கிலம் தெரியாதே" என்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 2022-இல் வந்த பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பயிற்சி வேண்டும் என்பது சரி. முடியாது என்பது சரியன்று.

இன்னொரு சாரார், மதரஸாவே காலத்துக்கு ஒவ்வாதது என்று இகழ்கிறார்கள். அவர்களிடமும் நமக்கு உடன்பாடில்லை. ஓதிய பிள்ளையிடம் அறிவுக் குறைவு இல்லை. அந்த அறிவை உலகம் ஏற்கும் தாள்தான் இல்லை. தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றமே காட்டிவிட்டது. 2024 நவம்பர் 5 அன்று உத்தரப் பிரதேச மதரஸாச் சட்டத்தை அது உறுதி செய்தது. ஆனால் அச்சட்டப்படி வழங்கப்பட்ட காமில், ஃபாஸில் பட்டங்கள் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்துக்கு முரணானவை என்றும் தீர்ப்பளித்தது. நமக்கு நாமே தரும் பட்டம் வெளியே செல்லாது என்பதே இதன் பாடம்.

நம் மாவட்டத்துக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-லேயே எழுந்தது. கல்லூரியையே கட்டிக் கொடுத்த சமுதாயத்துக்கு ஒரு மாணவனின் தேர்வுக் கட்டணம் பெரிய தொகையா?

ஆகவே முதவல்லிகளிடமும் மதரஸா நிர்வாகிகளிடமும் நாம் கேட்பது இதுதான். வரும் ஷவ்வாலில் பிள்ளையைச் சேர்க்கும் அன்றே திறந்தநிலைப் பள்ளிப் பதிவையும் வயதுக்கேற்பத் திட்டமிடுங்கள். கட்டணத்தை ஜமாஅத் ஏற்கட்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் ஊர்ப் பட்டதாரிகள் பாடம் நடத்தட்டும். அவன் இமாமாக நிற்க விரும்பினால் நிற்கட்டும். பேராசிரியராக விரும்பினால் ஆகட்டும். எதுவாயினும் அது அவன் தேர்ந்ததாக இருக்க வேண்டும். வேறு வழியின்றி அமைந்ததாக இருக்கக் கூடாது. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஈருலக நன்மையையும் அருள்வானாக, ஆமீன்.