விடுபட்ட கோப்புகளைக் கணக்கெடுங்கள்: தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கும், தமிழ்க் கணிமை அமைப்புகளுக்கும், பள்ளிகளுக்குக் கணினி வாங்கித் தரும் நல்ல உள்ளங்களுக்கும்:

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங், பந்திங், கேரித் தீவு, கிள்ளான் வட்டாரத்தில் கணினியைத் தமிழில் பயன்படுத்துவோரும், மென்பொருள்களுக்குத் தமிழ் வாசகம் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்களுமான நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

திரையில் 'திற', 'சேமி', 'அச்சிடு' எல்லாம் தமிழில் இருக்கும். 'இதை நிரந்தரமாக அழித்துவிடவா?' என்று கேட்கும் பெட்டி மட்டும் ஆங்கிலத்தில் எழும். நான்காம் ஆண்டுப் பிள்ளை படித்துப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிடும், கட்டுரை போய்விடும். பழி எங்கள் மீது விழும்: தமிழாக்கக்காரர்கள் பாதியில் விட்டுவிட்டார்களாம். ஆனால் பல நேரங்களில் அந்த வாசகம் எங்கள் கைக்கு வந்ததே இல்லை.

எப்படி என்று சொல்கிறோம். க்னூ கெட்டெக்ஸ்ட் முறையில் இயங்கும் திட்டங்களில், மொழிபெயர்க்க வேண்டிய வாசகங்கள் எந்தெந்த மூலக் கோப்புகளில் இருக்கின்றன என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. 'பாட்ஃபைல்ஸ்.இன்' என்று பெயர். வரிக்கு ஒரு கோப்பு; சாதாரண உரைக் கோப்புதான். அதில் உள்ள கோப்புகளைத் திறந்து வாசகங்களைத் திரட்டித்தான் மொழிபெயர்ப்பு வார்ப்புரு உருவாகிறது. நிரலாளர் ஒருவர் புதிய உரையாடல் பெட்டிக்கு ஒரு கோப்பு எழுதுகிறார். வாசகங்களை முறைப்படி குறியிடுகிறார். பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிடுகிறார். அவ்வளவுதான். நிரல் பிழையின்றி ஓடும். ஆங்கிலத்தில் வேலை செய்யும் அவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

இதில் எங்களுக்கு அதிகம் வலிப்பது விழுக்காடு. க்னோம் என்ற மேசைத்தளச் சூழல் திட்டத்தில், வாசகங்களில் 80 விழுக்காடாவது மொழிபெயர்க்கப்பட்ட மொழியே ஆதரவு பெற்ற மொழியாகக் கணக்கில் வரும். அளவுகோல் வைப்பது நியாயம்தான். ஆனால் எதற்கு 80? வார்ப்புருவுக்குள் வந்த வாசகங்களுக்கு மட்டும். பட்டியலில் விடுபட்ட கோப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் நூற்றுக்கு நூறு என்று பச்சைக்கோடு காட்டும் நிரலிலும் ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. பகுதி எண்ணைச் சரிபார்க்காமல் விழுக்காட்டைக் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

எனவே கேட்கிறோம்.

முதலாவதும் முதன்மையானதும்: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் கோப்புத் தணிக்கை நடக்க வேண்டும். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டின் களஞ்சியத்தில் பதிவான கோப்புகளை எடுங்கள். அவற்றில் மொழிபெயர்ப்புக் குறியீடு உள்ளவற்றைப் பிரியுங்கள். பட்டியலில் உள்ளவற்றைக் கழியுங்கள். மிச்சம் பூச்சியமாக இருக்க வேண்டும். கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்டெல்டூல் என்ற பழைய கருவித்தொகுப்பின் 'இன்டெல்டூல்-அப்டேட்' கட்டளையைப் பராமரிப்பு விருப்பத்துடன் இயக்கினால், விடுபட்டவற்றை ஒரு கோப்பிலும், பட்டியலில் பெயர் இருந்தும் வட்டில் இல்லாதவற்றை இன்னொரு கோப்பிலும் எழுதித் தரும். பல திட்டங்கள் இன்டெல்டூலைக் கைவிட்டு நேரடியாகக் கெட்டெக்ஸ்டுக்கு மாறிவிட்டன. மாறியது சரி, அதனோடு சேர்த்து இந்தச் சோதனையையும் கைவிட்டதுதான் தவறு. அதைத் தானியங்கிச் சோதனையில் சேருங்கள். மிச்சம் இருந்தால் மாற்றம் உள்ளே போகக் கூடாது.

நிரல் கோப்புகளை மட்டும் பார்த்தால் போதாது. இடைமுக வடிவக் கோப்புகள், பயன்பாட்டுப் பட்டியலில் பெயரைக் காட்டும் டெஸ்க்டாப் கோப்புகள், அமைப்புகளின் விளக்கம் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகள் ஆகியவற்றிலும் வாசகம் உண்டு. அடிக்கடி விடுபடுவதும் இவைதான்.

வேண்டுமென்றே விடும் கோப்புகளுக்கு 'பாட்ஃபைல்ஸ்.ஸ்கிப்' என்ற தனிப் பட்டியல் இருக்கிறது. வாலா நிரல்மொழியிலிருந்து தானாக உருவாகும் சி கோப்புகளை அதில் போடுவது சரியே. மற்றபடி அது குப்பைக்கூடை ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு விடுகைக்கும் காரணம் ஒரு வரியில் எழுதப்பட வேண்டும்.

தணிக்கையைப் புதிதாக இறக்கிய களஞ்சியத்தில் செய்யுங்கள். நிரலாளரின் மடிக்கணினியில் இருக்கும் கோப்பு களஞ்சியத்தில் இருக்கிறது என்று பொருள் இல்லை. கிட்டின் புறக்கணிப்பு விதியில் நட்சத்திரக்குறி போட்டு எழுதிய ஒரு வரி, தேவையான கோப்பையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எந்த விதி விழுங்கியது என்று கேட்டால் கிட் கருவியே வரி எண்ணோடு சொல்லும். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

காலமும் முக்கியம். க்னோம் போன்ற திட்டங்களில் வெளியீட்டுக்கு முன் வாசகங்களை உறையவைக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு விடுபட்ட கோப்பைச் சேர்த்தால், எல்லா மொழிக் குழுக்களுக்கும் கடைசி நேரத்தில் புது வேலை வந்து விழும். தனி அனுமதியும் வாங்க வேண்டும். ஆகவே தணிக்கை உறைநிலைக்கு முன்பே முடிய வேண்டும்.

தமிழ்க் கணிமை அமைப்புகளிடம் ஒன்று. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் பிறந்த நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்த நாள்களில் எழுத்துருவும் விசைப்பலகையும் குறியீட்டு முறையும் பெரும் வழக்காக இருந்தன. அவை ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. இப்போது மேடைக்குரிய கவர்ச்சி இல்லாத இந்தச் சரிபார்ப்பு வேலைக்கும் ஆளும் நேரமும் ஒதுக்குங்கள். பத்துப் புதிய கலைச்சொற்களை உருவாக்குவதைவிட, விடுபட்ட ஒரு கோப்பைக் கண்டுபிடிப்பது பயனருக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் கருத்து.

கணினி வாங்கித் தருவோரே, 'தமிழ் இடைமுகம் உண்டு' என்ற விற்பனையாளர் சொல்லோடு நிற்காதீர்கள். தமிழுக்கு மாற்றி, கோப்பை அழிக்கும் இடம், பிழை அறிவிப்பு வரும் இடம் இரண்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்த் திரையில் ஆங்கில வாசகம் கண்டால், நிரலின் பெயர், பதிப்பு எண்ணுடன் அந்தத் திட்டத்தின் வழுப்பதிவில் பதியுங்கள். திரையைப் படம்பிடித்து அனுப்பினால் மட்டும் போதாது. அந்த வாசகத்தை எழுத்து மாறாமல் தட்டச்சும் செய்யுங்கள். அதை வைத்துத்தான் எந்தக் கோப்பு விடுபட்டது என்று மூலநிரலில் தேட முடியும்.