மாட்டுக்கு மானியம், அறுக்கிற கைக்கு?

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் கறவை மாட்டுக் கடன் மேசை மூன்று வருஷம் என்னிடம் இருந்தது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டதும் காதில் ஒரு வில்லை குத்துவார்கள். மாடு செத்தால் அந்த வில்லையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒருநாள் காலனியிலிருந்து வந்த ஆயா ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த வில்லையைக் காதுத் துண்டோடு அப்படியே கவுன்டரில் வைத்தார். "மாடு போச்சு சார், தோடு இருக்கு" என்றார். பின்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுங்களுக்கு இனாமா அள்ளிக் குடுத்தா இப்படித்தான்" என்றார். அவர் அன்றைக்கு வந்தது, வட்டி மானியத்தில் வாங்கிய பயிர்க்கடனைப் புதுப்பிக்க. அவருக்குக் கிடைப்பது சலுகை, ஆயாவுக்குக் கிடைப்பது இனாம். நானும் காலனிக்காரன்தான். அன்னைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாக்கி இந்தத் தலையங்கத்தில் கொஞ்சமாவது தீரட்டும்.

அயர்லாந்தின் மேற்கே நர்ஸாக இருக்கும் என் அத்தை மகள் லீவில் வந்தபோது, அங்கத்து விவசாயப் பத்திரிகைகள் ஒரு கட்டு கொண்டுவந்தாள். "மாட்டுக்கடன் பாக்கறவராச்சே மாமா, படிங்க" என்றாள். படித்தேன். அங்கேயும் மானியச் சண்டைதான். ஆனால் மூக்கைப் பொத்துகிறவர் யாருமில்லை. மாட்டுக்கறியை மறைத்து வாங்கிவர வேண்டிய தேசமில்லை அது. கறிக்கென்றே மாடு வளர்க்கிறார்கள், நாட்டில் விளையும் மாட்டுக்கறியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்றுமதி. கறி வியாபாரத்தைத் தீட்டு பார்க்காமல் பேசினால் வேறு என்னென்ன கேள்விகள் எழும் என்று தெரிந்துகொள்ள நமக்கு அது உதவும்.

சண்டை எதைப் பற்றி? கன்றூட்டும் தாய்மாட்டைப் பற்றி. அந்த மாட்டை யாரும் கறப்பதில்லை. பால் முழுக்கக் கன்றுக்கு. கன்று வளர்ந்து கறிக்குப் போகும். வருஷத்துக்கு ஒரு கன்று, அதுதான் வருமானம். 1984ல் ஐரோப்பாவில் பாலுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். பால் கறந்து விற்க வழியடைபட்டதும் விவசாயிகள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்போது 4 லட்சத்தைச் சுற்றி இருந்த தாய்மாடுகள் 1990களின் கடைசியில் 11 லட்சத்தைத் தாண்டின. மாட்டுத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்த மானியமும் அதற்குக் காரணம். 2003ல் ஐரோப்பிய ஒன்றியம் சீர்திருத்தம் செய்தது. 2005 முதல் அயர்லாந்தில் மானியத்துக்கும் மாட்டு எண்ணிக்கைக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. 2000, 2001, 2002 ஆகிய மூன்று வருஷத்தில் யார் எவ்வளவு வாங்கினார்களோ அதுவே அவர்களுடைய உரிமை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பிறகு மாட்டைக் குறைத்தவனுக்கும் பணம் வந்தது. புதிதாக வந்த இளைஞன் பின்வரிசையில் நின்றான். இப்படி வாங்குகிறவர்களைச் 'சாய்வு நாற்காலி விவசாயி' என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுகிறார்கள்.

2015 மார்ச் 31ல் பால் உச்சவரம்பு நீங்கியது. தெற்கே நல்ல மண் உள்ளவர்கள் கறவையைப் பெருக்கினார்கள். இன்று கறவை மாடு 15 லட்சத்துக்கும் மேல். தாய்மாடு 8 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2025ல் மாட்டு விலை பழைய உயரத்தையெல்லாம் தாண்டியும் இறக்கம் நிற்கவில்லை. மேற்கே ஈரமண்ணும் சிறு நிலமும் வைத்திருப்பவர்கள்தான் இன்னும் இந்த மாட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். பல வருஷங்களில் அவர்களுக்கு வரும் மானியம் பண்ணையின் மொத்த வருமானத்தையே மிஞ்சிவிடுகிறது. அதாவது மாட்டில் நட்டம், மானியத்தில் பிழைப்பு. இப்போதைய திட்டத்தில் முதல் 22 மாட்டுக்குத் தலைக்கு 150 யூரோ, அதற்கு மேல் 120 யூரோ. அதற்கும் எடை பார், மரபணுச் சோதனை செய், தரச் சான்று வாங்கு என்று நிபந்தனைகள்.

இந்த நிலையில் 2022 ஜூலையில் அரசு, விவசாயம் வெளியேற்றும் வாயுவை 2030க்குள் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விவசாயத்துடையது, அதில் பெரும்பகுதி மாட்டின் வயிற்றிலிருந்து. தாய்மாட்டைத் தானே முன்வந்து குறைப்பவர்க்குப் பணம் தரலாம் என்று யோசனை வந்தது. விவசாய சங்கங்கள் கொதித்தன. "பெருக்கினது கறவைக்காரன், குறைக்கறது நாங்களா?" என்று கேட்டார்கள். கறவைக்காரர் சொல்வது: எங்கள் மாடு பாலும் தருது, அதன் கன்று கறியும் தருது, கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் எங்களதுதான் சுத்தம். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் தப்பிக்க இடமுள்ளவன் கணக்கு எப்போதும் சரியாக வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். குறை என்று சொல்லும்போது, நட்டத்தில் இருப்பவனைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

நான் சிறு விவசாயி பக்கம்தான் நிற்கிறேன். அந்த மண்ணின் வரலாறு அப்படி. 1845ல் உருளைக்கிழங்கு அழுகி மக்கள் செத்து விழுந்த வருஷங்களில் அங்கிருந்து மாடுகள் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தன. 1847 நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவன் அதை விட்டுக்கொடுத்தால்தான் கஞ்சி என்றது. குடியானவன் வெளியேறினான், மேய்ச்சல் நிலம் விரிந்தது. 1906 முதல் 1909 வரை நிலமில்லாதவர்கள் ராத்திரியில் பெருநிலக்காரர் மாடுகளை ரோட்டில் ஓட்டிவிட்டுப் போராடினார்கள். நிலம் பிரித்துக்கொடுக்கப்பட்டது. இன்று மேற்கில் இருபது மாடு கட்டியிருப்பவரில் பலர் அந்தப் பிரிவினையின் பேரப்பிள்ளைகள். பஞ்சமி நிலத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த வரலாறு புரியும்.

ஆனால் நான் படித்த கட்டில் ஒரு ஆளைத் தேடித் தேடிப் பார்த்தேன். மாட்டை அறுக்கிறவன். விவசாயி பேசுகிறான், மந்திரி பேசுகிறார், ஆலை முதலாளி பேசுகிறார், சுற்றுச்சூழல் அறிஞர் பேசுகிறார். கத்தி பிடிக்கிற கை பேசவே இல்லை. கால்வே மாவட்டத்து கோர்ட் என்ற சிற்றூரில் 1990களின் கடைசியிலிருந்து பிரேசில்காரர்கள் இறைச்சி ஆலை வேலைக்கென்று வந்து குடியேறினார்கள். இன்று நாடெங்கும் ஆலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளிகள். 2019ல் விலை கேட்டு விவசாயிகள் ஆலை வாசலை மறித்தார்கள். நியாயமான போராட்டம். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடை கேட்டார்கள். இடையில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை வேலையில்லை என்று நிறுத்திவைத்தார்கள். செப்டம்பரில் ஒப்பந்தம் வந்தது. அது விலையைப் பேசியது, விவசாயியைப் பேசியது. நிறுத்திவைக்கப்பட்டவன் கூலியைப் பேசவில்லை. 2020ல் இறைச்சி ஆலைகளில் கொரோனா கொத்துக்கொத்தாகப் பரவியது. ஆகஸ்டில் மூன்று மாவட்டங்களை அடைக்க வேண்டிவந்தது. அப்போது முதலாளி சம்பளத்தோடு நோய்விடுப்பு தரவேண்டும் என்ற சட்டமே அங்கே இல்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போனவனை யார் குறை சொல்ல முடியும்? 2023 ஜனவரியிலிருந்துதான் வருஷத்துக்கு 3 நாள், 2024ல் அது 5 நாள்.

நம் ஊரில் அறுக்கிறவனை ஒதுக்குவது பிறப்பு. அங்கே அது பிறப்பில்லை, வேலை அனுமதிச் சீட்டு. எந்த முதலாளி பேரில் சீட்டோ அவனிடமே கிடக்க வேண்டும். ஒன்பது மாதம் கழித்து மாறலாம் என்ற தளர்வே 2024 சட்டத்தில்தான் வந்தது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை, சீட்டுக்கு ஒரு காலக்கெடு உண்டு, சாதிக்குக் கிடையாது. ஆனாலும் இரண்டு இடத்திலும் கறி உண்கிறவன் மேசையில் அறுத்தவனுக்கு நாற்காலி இல்லை.

இன்னொரு வேடிக்கை. தென்னமெரிக்க நாடுகளோடு ஐரோப்பா 2024 டிசம்பரில் முடித்த பேரத்தில் 99,000 டன் மாட்டுக்கறி குறைந்த வரியில் வர இடமிருக்கிறது. "பிரேசில் கறி வந்தா நாங்க செத்தோம்" என்கிறார் ஐரிஷ் விவசாயி. அவர் பயம் நிஜம். ஆனால் அவருடைய மாட்டை அறுத்துக்கொடுக்கும் கைகளில் பிரேசில் கைகளும் இருக்கின்றன. கறியை எல்லையில் நிறுத்தச் சொல்லும் முழக்கத்தில் இந்தக் கைகளுக்கு என்ன இடம் என்று அவர் இன்னும் யோசிக்கவில்லை.

தோழர்களே, மானியமே கூடாது என்று பேசுகிறவர்களோடு நமக்குச் சேர்க்கையில்லை. பெரும்பாலான பணக்கார நாடுகள் மானியம் கொடுத்துத்தான் விவசாயம் செய்கின்றன. மாட்டுத் தலையை எண்ணிக் கொடுத்தாலும் நிலத்தை அளந்து கொடுத்தாலும் இருக்கிறவனுக்கே கூடப்போகும், இல்லாதவன் வரிசையிலேயே வரமாட்டான் என்பதைத்தான் சொல்கிறோம். அயர்லாந்தில் முதல் 30 ஹெக்டேருக்குக் கூடுதல் தொகை என்று இப்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள். நல்லது. மந்தையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் பெரிய மந்தையிலிருந்து தொடங்கட்டும். குறைக்கிற விவசாயிக்கு இழப்பீடு என்றால், அதனால் வேலை போகிற ஆலைத் தொழிலாளிக்கும் இழப்பீடு எழுதட்டும். பேச்சுவார்த்தை மேசையில் அவன் சங்கத்துக்கும் நாற்காலி போடட்டும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. 2017 மேயில் மாட்டுச் சந்தைக்கு மத்திய அரசு விதித்த தடைகளை மதுரைக் கிளை நிறுத்திவைத்தது. அப்போது நாம் உண்ணும் உரிமையைப் பேசினோம். சரிதான். ஆனால் சந்தைத் தரகர், வண்டிக்காரர், அறுப்பவர், தோல் உரிப்பவர், எலும்பு பொறுக்குபவர் இவர்களுடைய கூலியை, நோயை, காப்பீட்டை எத்தனை கூட்டத்தில் பேசினோம்? உண்கிற உரிமைக்குப் பக்கத்தில் உழைக்கிற உரிமையையும் எழுதவேண்டும்.

ஆயாவுக்குக் காப்பீட்டுத் தொகை வந்தது, தாமதமாக வந்தது. அது கடனில் கழிந்துபோனது. கையில் ஒன்றுமில்லை. அந்த வில்லை போன பிறகும் கவுன்டரில் வாடை இருந்தது. நான் துடைக்கவில்லை. அடுத்த இதழுக்குள் உங்கள் ஊரில் மாட்டோடு பிழைக்கிறவர்களைப் பார்த்துப் பேசி எழுதுங்கள். விவாதிப்போம்.