கால்சட்டைக்குள் மறையும் குறை

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பையனின் பல்லைப் பார்க்கிறது, கண்ணைப் பார்க்கிறது, எடையைக் குறித்துக்கொள்கிறது. கால்சட்டை விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் கூச்சம். இந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு.

ஆண் சிசுவின் விதைகள் அதன் அடிவயிற்றில் உருவாகி, பிறப்பதற்குள் விதைப்பைக்கு இறங்கிவிட வேண்டும். நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் 2 முதல் 4 பேருக்கு ஒன்றோ இரண்டுமோ இறங்குவதில்லை. குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். பலருக்கு சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். 6 மாதம் கடந்தால் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை.

வலி இல்லாததால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் விதைப்பையின் சூடு உடல் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவு. மேலேயே தங்கிவிட்ட விதையில் உயிரணு உற்பத்தி பாதிக்கப்படுகிறது. பிற்காலத்தில் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. சிறிய அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம். ஒன்றரை வயதுக்குள் செய்வது உத்தமம்.

அப்படியானால் பள்ளியில் பார்ப்பது தாமதம் இல்லையா? தாமதம்தான். ஆனால் கல்யாணமாகி, குழந்தை இல்லையென்று டாக்டரிடம் போகும்போது தெரியவருவதைவிட மேல். தவிர, சிறு வயதில் இறங்கியிருந்த விதை வளரும்போது மேலேறிவிடுவதும் உண்டு. இந்தப் பையன்களைப் பள்ளி வயதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2010-இல் 'ஜவஹர் பால ஆரோக்கிய ரக்ஷா' என்ற பள்ளி மருத்துவத் திட்டம் வந்தது. 2013-இல் மத்திய அரசின் சிறார் நலத் திட்டம். பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், இருதயக் கோளாறு என்று சுமார் 30 குறைகள் கொண்ட அதன் பட்டியலில் இது இல்லை. இத்தனைக்கும் அந்தக் குழுவில் ஓர் ஆண் டாக்டரும் இருக்க வேண்டும் என்பது விதி.

தேவை ஒரு திரை, பெற்றோரின் சம்மதம், சூடான கை, ஒரு நிமிடம். குளிரிலும் பயத்திலும் நல்ல விதையே மேலேறிக்கொள்ளும் என்பதால் பையனைச் சம்மணமிட்டு உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் சித்தூர்க்காரர்களுக்குத் திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனை இருக்கிறது. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி.

அதற்கும் முன்னால் ஒரு வாய்ப்பு: குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டும் அம்மாவோ பாட்டியோ கவனிக்கலாம். இரண்டும் கைக்குத் தட்டுப்படுகிறதா?