“அழிக்கவா?” என்று கேட்டால் மட்டும் போதுமா?

விஷுவல் பேசிக்கின் செய்திப் பெட்டியில் ‘ஆம்’ பொத்தானை அழுத்தினால் 6 உம், ‘இல்லை’ பொத்தானை அழுத்தினால் 7 உம் திரும்பி வரும் என்பதை மனனம் செய்திருப்பீர்கள். புள்ளி பெற இது போதும். ஆனால் நல்ல செய்நிரல் ஒன்றை எழுத இது போதாது என்பதே எனது கருத்து.

சுன்னாகத்தில் ஒரு பலசரக்குக் கடை இருப்பதாகக் கொள்வோம். கடன் கொப்பிக்குப் பதிலாக உங்கள் செய்நிரலே அங்கு பயன்படுகிறது. முதலாளி தவறுதலாக அழித்தற் பொத்தானை அழுத்துகிறார். “நிச்சயமா?” என்று ஒரு பெட்டி தோன்றுகிறது. அவர் பழக்கத்தில் என்டர் விசையைத் தட்டுகிறார். ஒருவருடைய கடன் கணக்கு முழுவதும் போய்விடுகிறது. இது யார் பிழை? செய்நிரலை எழுதியவரின் பிழை என்றே நான் சொல்வேன்.

முதலாவது, கேள்வி தெளிவாக இல்லை. “இந்த வாடிக்கையாளரின் கணக்கை அழிக்கவா?” எனப் பெயரையும் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். “அழிக்க வேண்டாமா?” என எதிர்மறையாகவும் கேட்கக் கூடாது. அதற்கு ‘ஆம்’ என்றால் அழி என்பதா, அழிக்காதே என்பதா? பொத்தான்களின் பெயர்கள் விண்டோஸின் மொழியிலேயே தோன்றும். ஆகவே கேள்வியையாவது நல்ல தமிழில் எழுதுங்கள். விஷுவல் பேசிக் 6 இன் செய்திப் பெட்டி தமிழ் யுனிகோட்டைக் காட்டாது. 2002 இல் வந்த டொட் நெட் பதிப்பு காட்டும்.

இரண்டாவது, வேறாகக் குறிப்பிடாவிட்டால் என்டர் விசை முதலாவது பொத்தானுக்கே உரியது. ஆம்–இல்லை பொத்தான்களுக்கு 4, வினாக்குறிப் படத்துக்கு 32, இரண்டாவது பொத்தானை இயல்பான தெரிவாக்க 256. மூன்றையும் கூட்டி 292 எனக் கொடுத்திருந்தால், என்டர் தட்டியபோது ‘இல்லை’ என்பதே தெரிவாகியிருக்கும், கணக்கும் தப்பியிருக்கும்.

மூன்றாவது, விடையைச் சரியாகச் சோதியுங்கள். சிலர் பெட்டியைக் காட்டிவிட்டு, விடையைப் பாராமலே அடுத்த வரியில் அழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் “7 இல்லையெனில் அழி” என்று எழுதுகிறார்கள். பெட்டியில் ‘இரத்து’ பொத்தானும் இருந்தால், எஸ்கேப் விசையை அழுத்தியதும் 2 திரும்பி வரும். 2 என்பது 7 அல்ல; எனவே கணக்கு அழிந்துவிடும். “6 எனில் மட்டும் அழி” என்பதே பாதுகாப்பானது.

அதற்காக எதற்கெடுத்தாலும் பெட்டி காட்டவும் வேண்டாம். அடிக்கடி கேட்டால் எவரும் வாசிக்காமலே அழுத்துவர். மீளப்பெறக்கூடிய செயலுக்குப் பெட்டி தேவையில்லை. மீளப்பெற முடியாததற்கு மட்டும் கேளுங்கள்.

பாய்ச்சற் கோட்டுப்படம் வரையும்போது தீர்மானச் சாய்சதுரத்தின் ‘இல்லை’ப் பாதையை வெறுமனே விடாதீர்கள். அந்தப் பாதையும் ஓரிடத்துக்குச் சென்று சேர வேண்டும். பயனர் ‘இல்லை’ என்றால் அது உண்மையிலேயே இல்லையாக இருக்கட்டும்.